கெடுபிடி எல்லையிலா, வீட்டு வாசலிலா?

கேள்வி: கொரோனா காலத்தில் பெர்த்தில் ஊரடங்கே இல்லாத மாதிரி இருந்ததாம். ஆனால் அங்கிருந்தவர்களால் நினைத்தபடி சிட்னிக்குப் போய்வர முடியவில்லையாமே? ஒரே நாட்டில் இது எப்படி?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆஸ்திரேலியாவில் பொதுச் சுகாதாரமும் போலீஸும் மாநிலங்களின் கையில். எங்கே இறுக்குவது என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்தது.

பெர்த்தைத் தலைநகராகக் கொண்ட மேற்கு ஆஸ்திரேலியா எல்லையைத் தேர்ந்தெடுத்தது. 2020 ஏப்ரல் 5 அன்று சாத்திய கதவு, முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3 அன்றுதான். இடையில் தொற்று அடங்கிய மாநிலங்களுக்கு மட்டும் அவ்வப்போது தளர்வு. உள்ளே வர ‘ஜி2ஜி பாஸ்’ என்ற ஆன்லைன் அனுமதி வேண்டியிருந்தது. இந்தக் கண்டிப்புக்குப் பாதிக் காரணம் பூகோளம். பிற மாநிலங்களிலிருந்து வரும் முக்கியத் தார்ச்சாலைகள் இரண்டே: தெற்கில் ஏர் நெடுஞ்சாலை, வடக்கில் குனுனுரா என்ற ஊர் வழி. பழம், காய்கறி, தேன் கொண்டுவந்தால் பிடுங்கிவைக்கும் விவசாயச் சோதனைச் சாவடிகள் அங்கே முன்பே இருந்தன. காவலை நிறுத்துவது சுலபம்.

கிழக்கே விக்டோரியா – நியூ சவுத் வேல்ஸ் (சிட்னி இருக்கும் மாநிலம்) எல்லையில் அது நடக்காது. மர்ரே ஆற்றின் இந்தக் கரையில் ஆல்பரி, அந்தக் கரையில் வொடோங்கா. வீடு ஒரு பக்கம், வேலையும் ஆஸ்பத்திரியும் மறு பக்கம். 1919 ஸ்பானிஷ் ஃப்ளூவுக்குப் பிறகு முதன்முறையாக 2020 ஜூலை 8 அன்று அந்த எல்லையை மூடியபோது, காவல் போட வேண்டிய வழிகள் 55. எல்லையோரவாசிகளுக்குத் தனி பர்மிட் கொடுத்தும் பாலத்தில் கார்கள் வரிசைகட்டின.

அதனால் விக்டோரியாவின் கெடுபிடி வீட்டு வாசலில் விழுந்தது. 2020 ஆகஸ்ட் 2 முதல் அதன் தலைநகர் மெல்பர்னில் இரவு 8 முதல் காலை 5 வரை வெளியே தலைகாட்டக் கூடாது. கடைக்கு நாளுக்கு ஒருமுறை, வீட்டுக்கு ஒருவர், 5 கிலோமீட்டருக்குள். உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம். ஆறு ஊரடங்குகளையும் கூட்டினால் 262 நாள். எல்லை வழியாகத் தொற்று வந்ததைவிட, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த ஹோட்டல்களிலிருந்து கசிந்ததுதான் இரண்டாம் அலைக்கு முக்கியக் காரணம். அந்த ஓட்டையை எந்த எல்லைச் சாவடியும் அடைக்காது.

கேள்வி: சொந்த நாட்டு மக்களையே ஒரு மாநிலம் தடுப்பது சட்டப்படி செல்லுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 92-வது பிரிவு, மாநிலங்களுக்கிடையே வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. அதை வைத்துத்தான் சுரங்கத் தொழிலதிபர் கிளைவ் பாமர் வழக்குப் போட்டார். 2020 நவம்பர் 6 அன்று உயர் நீதிமன்றம் (அங்கே அதுவே நாட்டின் உச்ச அமைப்பு) மேற்கு ஆஸ்திரேலியா பக்கம் நின்றது: தொற்றைத் தடுக்க நியாயமான தேவை இருந்ததால் தடை செல்லும். தேவை இருக்கும்வரைதான் என்பதும் அதற்குள்ளேயே அடக்கம்.