அரசுக் கல்லூரி மெக்கானிக்கலா, ஏ.ஐ.யா?

கேள்வி: என் மகனுக்குக் கட்-ஆஃப் 168. அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்கும் போலிருக்கிறது. வீட்டில் மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். ஆனால் என் அண்ணன், பக்கத்து வீட்டு இன்ஜினீயர், யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லோரும், “மெக்கானிக்கலுக்கு வேலையே இல்லை, எந்தக் கல்லூரியானாலும் ஏ.ஐ. – டேட்டா சயின்ஸ் எடுங்கள்” என்கிறார்கள். எதில் வேலைவாய்ப்பு அதிகம்?
– ஒரு தாய், அரியலூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் அண்ணன் பேசுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிறார். படிக்கப்போகிற பிள்ளை என்ன சொல்கிறான் என்பது மட்டும் இல்லை. மிக்ஸியைக் கழற்றுகிறவன் என்று ஒரு வரி எழுதினீர்களே, எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது.

அவர்கள் எல்லோரும் சொல்வது இன்றைய நிலவரம். உங்கள் மகன் வேலை தேடப்போவது நான்கு வருடம் கழித்து. 1997-ல் ஆசையாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவர்கள் 2001-ல் வெளியே வந்தபோது டாட்காம் சரிவு, இணைய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த நேரம். 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலுமே ஊழியர் எண்ணிக்கை குறைந்தது. மெக்கானிக்கலுக்கும் அடி விழாமல் இல்லை; மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. நான்கு வருடத்துக்குப் பின்னால் எது ஓங்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸில் ஆளெடுக்கும்போது பெரும்பாலும் எந்தப் பிரிவு என்று பார்ப்பதில்லை. மதிப்பெண் சதவீதம் பார்ப்பார்கள், நிலுவையில் அரியர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மெக்கானிக்கல் படித்தவன் கோடிங் கற்றுக்கொண்டு அங்கே போகலாம், ஆயிரக்கணக்கானோர் போயிருக்கிறார்கள். ஆனால் மெக்கானிக்கல் பட்டம் கேட்கிற உதவிப் பொறியாளர் தேர்வையோ, கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் வைத்து மெக்கானிக்கல் ஆட்களை எடுக்கும் பொதுத்துறை வேலையையோ டேட்டா சயின்ஸ் பட்டத்தோடு தொட முடியாது. அந்தக் கதவை 17 வயதில் ஏன் சாத்த வேண்டும்?

அடுத்தது, “எந்தக் கல்லூரியானாலும்” என்பது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் பெருகின. இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்கள் எங்கே? அண்ணன் சொல்லும் கல்லூரிக்கு நேரில் போய், அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். கணக்குப் பேப்பரில் பாதிப் பேர் அரியர் வைக்கிற கல்லூரியில் ஏ.ஐ. என்ற பெயர் எந்தப் பிள்ளைக்கும் சோறு போடாது.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் முடித்து ஓசூரிலோ ஒரகடத்திலோ ஓர் ஆலையில் ட்ரெய்னியாகச் சேர்ந்தால் முதல் சில வருடம் கையில் கொஞ்சம்தான் வரும், ஷிஃப்ட் வேலையும் இருக்கும். பையன் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். ஐ.டி.யிலும் கூட்டமாக ஆளெடுக்கும் வேலைகளுக்கு ஆரம்பச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு 3, 4 லட்சத்திலேயே நிற்கிறது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு மாலை அவனிடம் உட்கார்ந்து கேளுங்கள். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அவனே மனதாரச் சொன்னால், நல்ல கல்லூரியாகப் பார்த்து அதையே போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. இல்லையென்றால் அரசுக் கல்லூரி மெக்கானிக்கலை முதல் சாய்ஸாக வையுங்கள். கல்லூரிக் காலத்தில் கணினியில் வடிவமைக்கும் கேட் (CAD), கோடிங் மொழியான பைத்தான், கணினி இயக்கும் இயந்திரங்களான சி.என்.சி. மூன்றையும் அவன் விடாமல் கற்கட்டும். அப்புறம், கவுன்சலிங் பாஸ்வேர்டை எந்தக் கல்லூரி ஏஜென்டிடமும் கொடுத்துவிடாதீர்கள். சாய்ஸை அவனே போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.