Re: இழப்பு 10 லட்சம், பங்களிப்பு அலட்சியம் 30%, ஆனால் தீர்ப்புத் தொகை 4.9 லட்சம். ஏன்?

30 சதவீதத்தை இரண்டு முறை கழித்திருக்கிறார்கள் போல. 10-இல் 30% போனால் 7. அந்த 7-இல் இன்னொரு 30% போனால் சரியாக 4.9. வக்கீல் ஃபீஸ் அல்ல, அபராதமும் அல்ல. பங்களிப்பு அலட்சியம் என்றால், விபத்தில் உங்கள் தவறும் 30% இருந்தது என்று கோர்ட் கணக்கிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலி வேதனை என்று தலைப்பு வாரியாகத் தொகை இருக்கும். அவற்றைக் கூட்டுங்கள். கூட்டல் 7 வந்தால் ஒவ்வொரு தலைப்பிலும் ஏற்கெனவே குறைத்துவிட்டு, மொத்தத்தில் மறுபடி குறைத்திருக்கிறார்கள். 10 வந்தால் வேறு கழிவு இருக்கிறதா பாருங்கள்: இடைக்கால நிவாரணம் ஏதும் வாங்கியிருந்தால் அதுவும் கழியும்.

கணக்குப் பிழைதான் என்றால் அதே கோர்ட்டில் திருத்த மனு போதும். அந்த 30%-ஏ தவறு என்பது உங்கள் வாதமானால் மேல்முறையீடுதான் வழி. திருத்த மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக மேல்முறையீட்டுக் கெடு பொதுவாக நிற்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்று. மோதிய இரண்டு வண்டிகள் மீதும் தவறு, நீங்கள் வெறும் பயணி என்றால் அது கூட்டு அலட்சியம், பங்களிப்பு அலட்சியம் அல்ல. அதில் உங்கள் தொகையில் கை வைக்கவே கூடாது. தீர்ப்பில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.