புதிய ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் வார இறுதி முகாம்: பெண்களுக்கு அது உண்மையிலேயே ஓய்வா?

"கணவர் ஆசைப்பட்டு, டிரக்கில் மாட்டி இழுத்துப் போகும் வீடு போன்ற ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கியிருக்கிறார். அதில் வார இறுதிக்குப் போனால் எனக்கு ஓய்வு கிடைக்குமா, சமையலறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதாக ஆகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓய்வு கிடைக்கும். ஆனால் வண்டி யார் பொறுப்பு, அடுப்பு யார் பொறுப்பு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்திருந்தால்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் டிரக்கை ஓட்டுவதும், டிரெய்லரை மாட்டிக் கழற்றுவதும், கழிவுத் தொட்டியைக் காலி செய்வதும் என் வேலை; சமையல் முழுவதும் கணவருடையது. புரட்சி செய்வதற்காக இப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை. எனக்கு வண்டியைப் பின்னோக்கி எடுக்க வரும், அவருக்குச் சாம்பார் வைக்க வரும், அவ்வளவுதான். "கூடாரம் அடித்துத் தரையில் படுத்தால்தான் முகாம்" என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. முழங்கால் வலியுள்ள மாமியாரை நள்ளிரவில் பொதுக் கழிப்பறைக்கு டார்ச் பிடித்து நடத்திச் செல்லும் கடமை அவர்களுக்கு வராதிருக்கட்டும்.

நீங்களும் எங்களைப் போல் அமெரிக்காவில், பள்ளி செல்லும் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் இருப்பது டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே. டிரெய்லருக்கான கடன் என் பெயரில், ஓட்டப் போவதும் நான். இருந்தும் விற்பனை நிலையத்தில் விளக்கிக் காட்ட வந்தவர் ஒவ்வொரு விசையையும் என் கணவரிடமே காட்டிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டவள் நான், பதில் போனது அவருக்கு. அதைக்கூட மன்னித்துவிடலாம், டிரக்கின் இழுவைத் திறனைப் பற்றி அரை மணி நேரம் புகழ்ந்தவர், டிரக் தன் முதுகில் தாங்கக்கூடிய எடையான சுமைத் திறனைப் பற்றி வாயே திறக்காததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாதாரண டிரெய்லர் டிரக்கின் பின்புறக் கொக்கியில் தொங்கும். ஃபிஃப்த் வீலோ டிரக்கின் சரக்குத் தட்டுக்குள், பின் அச்சுக்கு மேலே வந்து அமரும். அதனால்தான் நெடுஞ்சாலையில் காற்றடித்தாலும் அது அவ்வளவு எளிதில் ஆடுவதில்லை. ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் முதுகில் இறங்குகிறது. டிரெய்லர் 12,000 பவுண்டு என்றால் சுமார் 2,400 பவுண்டு அங்கேயே போய்விடும். டிரெய்லரை டிரக்கோடு பூட்டும் கருவியான ஹிட்ச்சின் எடை, நாலு பேர், அரிசி மூட்டை எல்லாம் அதற்கு மேல். இழுவைத் திறன் தாராளமாக இருந்தும் இந்தக் கணக்கில் தோற்றுப்போகும் 'முக்கால் டன்' வகை டிரக்குகள் ஏராளம். ஓட்டுநர் கதவைத் திறந்தால், ஆட்களும் சரக்கும் சேர்த்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். நாங்கள் அதைப் பார்த்த பிறகே, அதைவிட அதிகம் தாங்கும் 'ஒரு டன்' வகை டிரக்குக்கு மாறினோம்.

முதல் பயணத்துக்குத் தூரமாகப் போகாதீர்கள். நாங்கள் நவம்பரில் இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்காவுக்குப் போனோம். 29ஆம் நெடுஞ்சாலையில் பர்னெட் ஊரைத் தாண்டி, பார்க் ரோடு 4-இல் திரும்பினால் சிறிது தூரத்தில் வந்துவிடும். கொலராடோ ஆற்றை மறித்து உண்டான ஏரி அது, (இந்தக் கொலராடோ டெக்சஸுக்குள்ளேயே ஓடுவது, கிராண்ட் கேன்யனில் ஓடுவது வேறு ஆறு.) கரையெல்லாம் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான இளஞ்சிவப்புப் பாறைகள். டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் 5 மாதங்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும் என்பதால், வார இறுதி வேண்டுமானால் அப்போதே இடம் பிடித்துவிடுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது மிக முக்கியம். திருப்பங்களில் ஃபிஃப்த் வீல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே முனையைத் தாண்டி நன்றாக முன்னே போய்த்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். இடத்தில் நிறுத்தியதும் முதல் வேலை, டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது. அதன் பிறகு டிரெய்லரின் முன் கால்களை இறக்கி, பாரம் டிரக்கிலிருந்து விடுபடும் வரை உயர்த்தி, டிரக்கின் பின் கதவைத் தாழ்த்தி, மின் கம்பியையும் அவசரப் பிரேக் கம்பியையும் டிரக்கிலிருந்து கழற்றிய பின்புதான் ஹிட்ச்சின் கைப்பிடியை இழுக்க வேண்டும். இந்த நேரத்தில் பக்கத்து இடத்துக்காரர் யாராவது பேச்சுக் கொடுக்க வருவார். "முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். என்னிடம் வந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் "உங்கள் கணவர் எங்கே?" என்றுதான் தொடங்கினார். கணவர் உள்ளே பருப்பு ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

சமையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். அந்தச் சிறிய மின்விசிறி நம் தாளிப்பைத் தாங்காது. எனவே தாளிப்பு, மீன் வறுவல், தோசை எல்லாம் வெளியே, பூங்கா போட்டுத் தந்திருக்கும் மேசையில் தனி கேஸ் அடுப்பில்தான். மின்சாரத்திலும் கவனம் வேண்டும்: 50 ஆம்பியர் டிரெய்லரை 30 ஆம்பியர் இணைப்பில் மாட்டினால் 3,600 வாட்தான் கிடைக்கும், ஏசி ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போங்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், மகன் வெளியே நின்று தாளிப்பதையும் மருமகள் கையுறை மாட்டிக்கொண்டு குழாய் இழுப்பதையும் முதல் நாள் மாலை முழுவதும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஏரியைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், "ஏம்மா, இன்னைக்கு எங்கயாச்சும் போகணுமா?" என்றார். "எங்கயும் போக வேண்டாம் அத்தை" என்றேன். "அப்பாடா" என்று காலை நீட்டிக்கொண்டார். குகை பார்க்கலாம், படகு எடுக்கலாம் என்று கணவர் போட்டு வைத்திருந்த பட்டியல் அந்த "அப்பாடா"வோடு முடிந்தது. பிள்ளைகள் பாறைகளில் ஏறி இறங்கினார்கள். நான் மதியம் வெகுநேரம் தூங்கினேன்.

நண்பர்கள் "பகலில் எட்டிப் பார்க்கிறோம்" என்பார்கள். நாலு குடும்பம் வந்தால் உங்கள் ஓய்வு பிரியாணி அண்டாவுக்குள் போய்விடும். முதல் பயணத்தில் யாரையும் அழைக்காதீர்கள்.

கிளம்பும் நாளில் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, அது வடிந்த பின் குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால், அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். எல்லாரும் முகம் சுளிக்கும் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று வேளைச் சமையலோடு ஒப்பிட்டால் இதை நான் எப்போதும் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்வேன்.

உங்கள் டிரக் போதுமா என்று சந்தேகம் இருந்தால், அதன் பெயரையும் மாடலையும் எழுதாமல், கதவில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணையும் டிரெய்லரின் மொத்த எடை வரம்பையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.