ஒரு இடது ஹூக், ஆறு வருடப் பகை

கேள்வி: அலெக்ஸ் பெரேரா கிக்பாக்சிங்கில் (கையால் குத்தி, காலால் உதைக்கும் சண்டை) இஸ்ரேல் அடெசான்யாவைச் சாய்த்த வீடியோ அடிக்கடி கண்ணில் படுகிறது. நாக் அவுட் எல்லாம் தினமும் நடப்பதுதானே, இது மட்டும் ஏன் இவ்வளவு பெரிய பகையாக வளர்ந்தது?

பதில்: தோற்றவர் பிரபலமானதால்தான். 2017 மார்ச்சில் சாவோ பாலோவில் அந்தச் சண்டை நடந்தபோது கிக்பாக்சிங் ரசிகர்களைத் தாண்டி யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு முந்தைய வருடம் சீனாவில் ஷென்சென் நகரில் இருவரும் மோதி, பெரேரா புள்ளிக்கணக்கில் ஜெயித்திருந்தார். இரண்டாவது மோதலில் மூன்றாவது ரவுண்டில் இடது ஹூக் (கையைப் பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) ஒன்று, அடெசான்யா மல்லாந்துவிட்டார். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடெசான்யா அதற்கப்புறம் கிக்பாக்சிங் பக்கமே திரும்பவில்லை, முழுநேரமாக எம்.எம்.ஏ.வுக்குப் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை) போய், 2018இல் அதன் மிகப் பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யில் நுழைந்து, 2019 அக்டோபரில் ராபர்ட் விட்டேக்கரை வீழ்த்தி மிடில்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன் ஆகிவிட்டார். அவர் ஜெயிக்க ஜெயிக்க, "இவரையே ஒருத்தர் தூங்க வைத்திருக்கிறார், பாருங்கள்" என்று அந்தப் பழைய வீடியோவைத் தோண்டி எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். தோற்றவரின் புகழ்தான் ஜெயித்தவரை உலகத்துக்குக் காட்டியது, வேடிக்கைதான். பெரேரா 2021 நவம்பரில் யு.எஃப்.சி.க்கு வந்தார், மூன்றே சண்டை, மூன்றாவதில் ஷான் ஸ்ட்ரிக்லேண்டை அதே இடது ஹூக்கால் முதல் ரவுண்டிலேயே கவிழ்த்தார், நாலாவதே பட்டத்துக்கான சண்டை. வேறு யாராவது புதுமுகமாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் விட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

கேள்வி: 2017 சண்டையின் இரண்டாவது ரவுண்டில் பெரேரா தள்ளாடியபோது நடுவர் எட்டு வரை எண்ணிக் காப்பாற்றிவிட்டார், நியாயமாக அடெசான்யாதான் ஜெயித்திருக்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: அடெசான்யா பக்கம் இருப்பவர்களுக்கு இது தீராத வயிற்றெரிச்சல். பெரேரா அந்த ரவுண்டில் ஆடிப்போனது உண்மை, நின்றபடியே எண்ணப்பட்டதும் உண்மை. ஆனால் கிக்பாக்சிங்கில் அது விதி, சலுகை அல்ல. அடிபட்டவர் நின்றுகொண்டிருந்தாலும் நடுவர் குறுக்கே வந்து எண்ணலாம், எண்ணி முடிக்கும்வரை எதிராளி ஒதுங்கித்தான் நிற்க வேண்டும், அந்தச் சில நொடிகளில் தலை கொஞ்சம் தெளிந்துவிடும். எம்.எம்.ஏ.வில் இந்த எண்ணிக்கையே கிடையாது, சமாளிக்க முடியாவிட்டால் அப்படியே சண்டையை நிறுத்திவிடுவார்கள்.

இந்த வாதம் அடெசான்யாவுக்கே திரும்பி அடிப்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை. 2022 நவம்பர், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன், பட்டத்துக்கான சண்டை. முதல் ரவுண்டின் கடைசியில் அடெசான்யா ஒரு அடி கொடுத்தாரே, இன்னும் பத்து நொடி இருந்திருந்தால் பெரேராவின் கதி என்னவோ, மணி அடித்துக் காப்பாற்றியது. நாலு ரவுண்டு முடிந்தபோது புள்ளி போடும் மூன்று நடுவர்களின் கணக்கிலும் 39க்கு 37 என்று அடெசான்யாவே முன்னணி. ஐந்தாவது ரவுண்டில் திரும்பவும் அந்த இடது கை. கூண்டோரம் அடிமேல் அடி விழ, அடெசான்யா நின்றுகொண்டிருக்கும்போதே கூண்டுக்குள் இருந்த நடுவர் குறுக்கே புகுந்து முடித்துவிட்டார். இதுவே கிக்பாக்சிங்காக இருந்திருந்தால் அவருக்கும் எட்டு வரை எண்ணியிருப்பார்கள்! எண்ணும் விதி ஒரு முறை பெரேராவுக்கு உதவியது, அந்த விதி இல்லாதது இன்னொரு முறை பெரேராவுக்கே உதவியது என்று சொல்லலாம், அதற்காக அவர் கையில் இருந்த பலம் பொய்யாகிவிடாது.

கேள்வி: அந்த இடது ஹூக்கில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லோருக்கும் தெரிந்தும் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்?

பதில்: கையைப் பின்னால் இழுக்காமல் அடிப்பார். பலமாகக் குத்த வேண்டுமென்றால் தோள் கொஞ்சமாவது பின்னால் போகும், எதிராளி அதைப் பார்த்துத்தான் உஷாராவான். பெரேராவிடம் அந்தச் சைகை தெரிவதே அபூர்வம். அதோடு, கெண்டைக்காலில் உதைத்துக்கொண்டே இருப்பார், வலி கூடக்கூட எதிராளியின் கவனம் முழுக்கக் கீழே போய்விடும். முகத்தை யார் காப்பது? பிரேசிலில் டயர் கடையில் வேலை பார்த்தவர், குடியிலிருந்து மீள்வதற்காகத்தான் இந்த விளையாட்டுக்கே வந்தார். போட்டான் என்ற பட்டப்பெயருக்குக் கல் கை என்று பொருள், வைத்தவர் மேல் தப்பே சொல்ல முடியாது.

கேள்வி: 2023 மறுமோதலில் ஜெயித்ததும் அடெசான்யா பெரேராவின் மகனைப் பார்த்துக் கேலி செய்தது சரியா?

பதில்: முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 2017இல் அப்பா ஜெயித்ததும் அந்தச் சின்னப் பையன் வளையத்துக்குள் வந்து, அடெசான்யா விழுந்த மாதிரியே பொத்தென்று விழுந்து காட்டினான். சின்னப் பையன், விளையாட்டாகச் செய்தான். ஆனால் அடிவாங்கியவருக்கு அடியைவிட அதுதான் உறைத்திருக்கும் போல. ஆறு வருடம் கழித்து, ஏப்ரலில் மயாமி. இரண்டாவது ரவுண்டில் காலில் அடிபட்டது போல அடெசான்யா கூண்டில் சாய்ந்து நிற்கிறார், பெரேரா முடித்துவிடலாம் என்று நெருங்கி முழங்காலைத் தூக்குகிறார், அந்த இடைவெளியில் மேலிருந்து ஒரு வலது, உடனே இன்னொரு வலது, பெரேரா மரம் மாதிரி சாய்ந்தார். வளையத்துக்கு வரும்போது அம்பு விடுவது போலச் சைகை காட்டுவது பெரேராவின் வழக்கம், அதையே எடுத்து விழுந்து கிடந்தவர் மேல் மூன்று அம்பு விட்டார் அடெசான்யா. அதுவரை சரி, பழிக்குப் பழி, நானும் ரசித்தேன். அப்புறம் பையனைத் தேடிப் பிடித்து அவனுக்கு விழுந்து காட்டியது அற்பத்தனம். அப்பாவோடு கணக்குத் தீர்ந்துவிட்டது, பிள்ளையிடம் என்ன பாக்கி?

கேள்வி: மொத்தக் கணக்கில் யார் பெரியவர்?

பதில்: எண்ணிப் பார்த்தால் பெரேரா மூன்று, அடெசான்யா ஒன்று. நான்கு சண்டையையும் வரிசையாகப் பார்த்தால் கணக்கு அவ்வளவு சுலபமில்லை, புள்ளிக்கணக்கில் முடிந்த முதல் சண்டையை விட்டால் மற்ற மூன்றிலும் ஒரு கட்டத்தில் சிக்கலில் இருந்தவர்தான் கடைசியில் ஜெயித்திருக்கிறார். மயாமிக்குப் பிறகு பெரேரா மேல் எடைப் பிரிவுக்குப் போய் அதே வருடம் நவம்பரில் அங்கேயும் பட்டம் வாங்கிவிட்டார். அடெசான்யா செப்டம்பரிலேயே பட்டத்தை இழந்தார், அதுவும் யாரிடம்? பெரேரா ஒரே ரவுண்டில் கவிழ்த்த அந்த ஸ்ட்ரிக்லேண்டிடம்.