கீமோ எடுக்கும் அப்பாவை நடக்க விடலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 58 வயது, பெருங்குடல் புற்றுநோய். அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் நடக்கப் போகிறேன் என்கிறார் அவர். பேசாமல் படுங்கள் என்கிறது வீடு. சீனியை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் மாமா. பச்சிலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார் அத்தை. யார் சொல்வதைக் கேட்பது?

அப்பா சொல்வதைக் கேளுங்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடக்க விடுங்கள்.

நான் டாக்டரில்லை. மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது டவுனில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு ஐந்து வருஷம் ஆகிறது. நாங்கள் அன்று செய்த தவறைத்தான் உங்கள் வீட்டிலும் செய்கிறார்கள் என்று பட்டதால் எழுதுகிறேன்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்த உடம்பு. தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு வெளிக்காட்டு வேலை. அப்படிப்பட்டவரை அறுவை முடிந்து வந்ததும் கட்டிலில் போட்டுவிட்டோம். தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க விடவில்லை. சாப்பாடு கட்டிலுக்கே போனது. பாசத்தில்தான் செய்தோம். மூன்றாவது கீமோ முடிவதற்குள் பாத்ரூமுக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. நோய் முற்றுகிறது என்று நினைத்து நானும் தம்பியும் அடுப்படியில் நின்று அழுதோம்.

பிசியோ பிரிவில் இருந்த ஒரு மலாய்க்காரப் பெண்தான் விஷயத்தை உடைத்தார். படுத்தே கிடந்தால் எந்த உடம்பிலும் சதை கரையும், கீமோ எடுக்கும் உடம்பில் இன்னும் வேகமாகக் கரையும் என்றார். புற்றுநோய்க்காரர்களுக்கு வரும் அசதி, வேலை செய்து களைத்தவனின் அசதி மாதிரி தூங்கி எழுந்தால் போய்விடாது. அளவாக நடப்பது, கை கால்களுக்கு வேலை கொடுப்பது, இவைதான் அதைக் குறைக்கும். 2019இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழுவும் இதைத்தான் சொன்னது: வாரத்தில் மூன்று நாள் முப்பது நிமிஷம் மிதமான வேகத்தில் நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. அசதி, மனக்கவலை, மனச்சோர்வு மூன்றும் இதனால் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

அம்மாவுக்கு அந்தப் பிசியோப் பெண் கொடுத்த முதல் பயிற்சி மிகச் சின்னது. சுவரைப் பார்த்து நின்று, அறுவை செய்த பக்கத்துக் கையின் விரல்களைப் பல்லி ஏறுவது போலச் சுவரில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் இன்னொரு கோடு. எங்கள் அடுப்படிச் சுவரில் அந்தக் கோடுகள் இருக்கின்றன. முதல் கோடு அம்மாவின் தோள் உயரத்துக்குக்கூட வராது. சில நாள் கோடு கீழே இறங்கியிருக்கும், கீமோ போட்ட வாரம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுப்புக்கு மேலே பலகையில் மிளகாய்த்தூள் டப்பா இருக்கும். அறுவைக்குப் பிறகு அதை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தேன். டப்பாவை எடுத்துக் கீழே வைத்தார், மறுபடி மேலே வைத்தார், மறுபடி எடுத்தார். அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடித்தபோது அந்தச் சுவரை மட்டும் தொட விடவில்லை.

மார்பக அறுவை செய்தவர்கள் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, கை வீங்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்துவிடுவதால் நிணநீர் தேங்கிக் கை வீங்குவது உண்மைதான். ஆனால் 2009இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு, அழுத்த உறை மாட்டி, சின்ன எடையில் தொடங்கிப் படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை. அது முற்றித் தொல்லை கொடுத்ததும் தூக்கியவர்களிடம்தான் குறைவு. இதைப் படித்த பிறகுதான் அம்மாவிடம் பூவாளியைத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் அப்பாவுக்கு நேரே பொருந்துகிற ஆய்வு இன்னும் புதியது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருஷம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி, மறு பாதிக்கு ஆரோக்கியக் குறிப்புப் புத்தகம் மட்டும். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2009இல் தொடங்கி நடந்தது, முடிவு 2025இல் வந்தது. ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 80 பேர், மற்றதில் 74 பேர். எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 90 பேர், மற்றதில் 83 பேர். பெரும்பாலோர் செய்தது வேகமான நடைதான். கீமோ முடிந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். இப்போது அப்பா பத்து நிமிஷம் மெதுவாக நடப்பது, கீமோ முடிந்ததும் முக்கால் மணி நேரம் நடக்கக் காலைத் தயாராக வைத்திருப்பதற்கு.

நடக்கக் கூடாத நாட்களும் உண்டு. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடை இருக்கட்டும், நேரே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கீமோ போட்டு ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், அப்போது சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. தலைசுற்றல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நிற்காத வயிற்றுப்போக்கு இருந்தாலும் வேண்டாம். வயிற்று அறுவை ஆனதால் அரிசி மூட்டை, கேஸ் தோம்பு தூக்குவதற்கு முன் சர்ஜனிடம் கேளுங்கள், குடலிறக்கம் வந்துவிடக் கூடும். கப்பேசிட்டபின் மாத்திரை என்றால் உள்ளங்கால் சிவந்து உரியலாம். பருத்திக் காலுறையும் மெத்தென்ற சப்பாத்தும் போட்டு நடக்கட்டும், செலிப்பர் வேண்டாம். ஆக்சாலிப்பிளாட்டின் ஏற்றுகிறார்கள் என்றால் குளிர்ச்சி ஆகாது. பனிக்கட்டி போட்ட மைலோவைக் குடித்தால் தொண்டை அடைப்பது போலவும், பிரிட்ஜில் கை விட்டால் ஊசி குத்துவது போலவும் இருக்கும். மருந்து ஏற்றிய பிறகு சில நாளைக்கு வெதுவெதுப்பாகவே கொடுங்கள்.

அடுத்து, சீனி. உடம்பின் எல்லா அணுக்களும் சர்க்கரையை எரிக்கின்றன, புற்று அணுக்கள் கூடுதலாக எரிக்கின்றன. அதற்காக நாம் சோறு நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. ஈரல் சர்க்கரையைத் தானே செய்து ரத்தத்தில் விடும், இளைப்பது அப்பாதான். சர்க்கரை நோயும் இருந்தால் அது வேறு கணக்கு, டாக்டர் சொன்னபடி போகட்டும். இல்லையென்றால் ஒரு தே தாரிக்கில் (பால் தேநீரில்) இருக்கும் சீனியைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். சண்டை போட வேண்டியது எடைக்காக. அம்மாவை வாரம் ஒருநாள், அதே மிஷினில், குளிக்கப் போகும் முன் நிறுத்தி எடையை நாள்காட்டியில் எழுதினேன். இறங்கிய வாரம் நர்சுக்குச் சொன்னேன்.

புரதம் அதிகம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை என்பது புற்றுநோய்க்காரர்களுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டியில் உள்ள அளவு. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த பால் மாவு டின் வாங்க எங்களால் முடியவில்லை. முட்டை, தௌபு, தெம்பே, நெத்திலி, பருப்பு, பசாரில் அன்றைக்கு மலிந்த மீன், இவைதான் அம்மாவைத் தாங்கின. வாய் முழுக்க இரும்பு ருசி என்று மீனைத் தள்ளியபோது எவர்சில்வர் கரண்டியை மாற்றிப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தோம், அசாம் (புளி) கொஞ்சம் கூட்டினோம், சாப்பிட்டார். வாய்ப்புண் வந்த வாரம் புளிப்பும் காரமும் நிறுத்தி, ஆறிய கஞ்சியில் தயிர். ஒரே மூச்சில் ஒரு தட்டுச் சோறு முடியாது, ஆறு தடவை கைப்பிடி கைப்பிடியாகத்தான் முடிந்தது. உங்கள் அப்பாவுக்குக் குடல் அறுவை என்பதால் கீரை, நார் எல்லாம் எப்போது, எவ்வளவு என்று ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். அந்த ஆலோசகரைப் பார்க்கத் தனி நேரம் கேட்டு வாங்கலாம், பலருக்கு அது தெரிவதில்லை.

பச்சிலையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் பக்கத்தில் யாருக்குப் புற்றுநோய் என்றாலும் பெலாலாய் காஜா செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்பில்தான். அம்மா எங்களுக்குத் தெரியாமல் தினமும் பத்துப் பதினைந்து இலை அரைத்துக் குடித்திருக்கிறார். ஈரல் ரத்தப் பரிசோதனை எண்கள் ஏறி ஒரு கீமோ தள்ளிப் போனது. இலைதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நிறுத்துங்கள் என்றார், நிறுத்தினோம். அந்தச் செடி மனிதர்களுக்குப் புற்றைக் குணமாக்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை. டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையும் அப்படித்தான். அதை நிறையச் சேர்த்துக்கொள்ளும் கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில், வழக்கமான மருந்துக்குக் கேட்காத ஒருவித நடுக்குவாத நோயோடு அதைத் தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார்கள். சமையலில் போடும் மஞ்சள் பரவாயில்லை, மாத்திரையாக விற்கும் மஞ்சள் வேண்டாம். அத்தையிடம் சண்டை போடாதீர்கள். "டாக்டரிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் அத்தை" என்று வாங்கி வையுங்கள், அப்புறம் உண்மையிலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.

சிகரெட், பீடி, சம்சு, கள் எதுவாக இருந்தாலும் இப்போதே விடட்டும். நோய் வந்த பிறகு விட்டு என்ன பயன் என்பார்கள். பயன் உண்டு, அறுவைக் காயம் ஆறுவதிலிருந்து தொடங்குகிறது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) புகை நிறுத்த உதவுகிறார்கள். வீட்டில் பாட்டி யாராவது புகையிலையோடு வெற்றிலை போட்டால் அவர் வாயையும் ஒருமுறை காட்டுங்கள். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம்.

மனசைப் பற்றி ஒன்றே ஒன்று. பார்க்க வருகிறவர்கள் கட்டிலோரம் உட்கார்ந்து யார் யார் இந்த நோயில் போனார்கள் என்று சொல்லுவார்கள். அவர்கள் போன பிறகு அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். பிறகு நான் வாசலிலேயே சொல்லிவிட ஆரம்பித்தேன்: சளி இருந்தால் உள்ளே வர வேண்டாம், வருகிறவர்கள் தோட்டத்துக் கதை பேசுங்கள். அவர் காலத்துக் கங்காணி, ஆயாக் கொட்டகை, பால் காசு வாங்கிய நாள். அதில் அவர் சிரித்தார். வேலை கொடுப்பதும் அப்படித்தான். கறிவேப்பிலை உருவுவது, பேரனுக்குச் சட்டைப் பொத்தான் தைப்பது. அப்பாவுக்கு எந்த வேலை பிடிக்கும் என்று அவரையே கேளுங்கள், நீங்களாக எடுத்துவிட்ட வேலை எது என்றும் கேளுங்கள்.

இப்போது அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு காலை ஆறரைக்குக் கிளம்புகிறார். கோவில் வரை போய், செம்பனை ஓரப் பாதையில் திரும்பி வர நாற்பது நிமிஷம். புகைமூட்டமான நாட்களில் வீட்டுக்குள்ளேயே. முதல் வாரம் வாசல் கேட்டுவரைதான் முடிந்தது.

அடுத்த முறை கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், ரத்தப் பரிசோதனையில் எந்த எண் இறங்கினால் வீட்டில் இருக்க வேண்டும். பதிலைத் தாளில் எழுதி வாங்கி பிரிட்ஜில் ஒட்டுங்கள், மாமாவுக்கும் அத்தைக்கும் தெரியட்டும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் நீங்களும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவரோடு இறங்குங்கள். முதல் நாள் ஐந்து நிமிஷம் போய் ஐந்து நிமிஷம் திரும்பினால் போதும். வேகத்தை அவரே வைக்கட்டும்.