ஈயப் பட்டறை வேலையும் மஞ்சள் பாலும்

கேள்வி: பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி நான்கு வருஷம், குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, குறை எதுவும் இல்லை. எனக்குத்தான் விந்தணு குறைவு என்கிறார்கள். மஞ்சள், பூண்டு, வெங்காயம் நிறைய சாப்பிட்டால் ஈயத்தின் பாதிப்பு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதியும் பெரும்பாலும் எலிகளுக்குத்தான்! விந்தணுவின் மேல்சவ்வில் சீக்கிரம் கெடக்கூடிய கொழுப்பு அதிகம். உடம்பில் ஈயம் ஏறினால், திறந்து வைத்த எண்ணெய் சிக்கடிப்பது மாதிரி அந்தக் கொழுப்பு கெட்டு, விந்தணுவின் நீந்தும் வேகமும் எண்ணிக்கையும் குறைகின்றன. ஆண் எலிகளுக்கு ஈயத்தையோ காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தையோ கொடுத்துவிட்டு, கூடவே மஞ்சளில் உள்ள குர்குமினையோ வெங்காயத்தில் உள்ள குவெர்சிடினையோ கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஏராளம். பலவற்றில் பாதிப்பு குறைந்தது. ஆனால் அங்கே கொடுப்பது பிரித்தெடுத்த சத்து. நம் வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதிலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம், மிளகு சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

பூண்டுக்கு மட்டும் மனிதர்களிடம் ஒரு சாட்சி இருக்கிறது. ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர்கள் 117 பேரில் ஒரு பகுதியினருக்குப் பூண்டு மாத்திரையும், மற்றவர்களுக்கு ஈயத்தை வெளியேற்றும் வழக்கமான மருந்தும் 4 வாரம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ரத்த ஈயம் குறைந்ததாக 2012-ல் வெளியிட்டார்கள். அவர்கள் அளந்தது ரத்தத்தில் உள்ள ஈயத்தை, குழந்தை பிறந்ததா என்பதை அல்ல.

சரி, பூண்டு சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் காலையில் பூண்டைத் தின்றுவிட்டுப் பகல் முழுக்க ஈயப் புகையைச் சுவாசித்தால் என்ன பிரயோஜனம்? முதலில் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த ஈயம் 40 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களிடம் விந்தணு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முடிந்தால் உருக்கும் இடத்திலிருந்து வேறு வேலைக்கு மாறுங்கள். முடியாவிட்டால், மூக்கில் கட்டும் கைக்குட்டை ஈயப் புகையைத் தடுக்காது, அதற்கான வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். பட்டறையில் பீடியும் வேண்டாம், டீயும் வேண்டாம். பீடி, சிகரெட்டில் காட்மியமும் இருக்கிறது, அது தனிக் கணக்கு. அப்புறம், வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள், அந்தத் தூசி உங்கள் மனைவிக்கும் ஆகாது.

'ஆண்மைக்கு' என்று விற்கும் லேகியம், செந்தூரம் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் வந்த ஓர் ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மஞ்சளிலும் இந்த வம்பு உண்டு: நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் குரோமேட் என்ற ஈயம் உள்ள மஞ்சள் சாயத்தைப் பூசி விற்றது வங்கதேசத்தில் 2019-ல் அம்பலமானது.

புதிய விந்தணு உருவாகிப் பக்குவப்பட இரண்டரை, மூன்று மாதம் ஆகும். அதனால் ஈயம் குறைந்து மூன்று மாதம் கழித்து விந்தணு டெஸ்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். எலும்பில் சேர்ந்த ஈயம் மெதுவாகத்தான் கரையும் என்பதால், முதல் ரிப்போர்ட்டில் பெரிய மாற்றம் இல்லையென்றால் பதறாமல் ஆண்களின் குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் ரத்த ஈய அளவையும் சேர்த்துக் காட்டுங்கள்.