பட்டறை மெஷின் கடல் தாண்டும்போது: குமரிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் வேலையில், அதாவது சரக்கைச் சுங்கத்தில் காட்டி விடுவிக்கும் வேலையில் 26 வருடம் இருந்தேன். இப்போது நாகர்கோவிலில் இருந்து அதே வேலையைச் செய்கிறேன். லேத், மில்லிங், கம்ப்ரெசர் என்று கனத்த சாமான்களை வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவது, இங்கிருந்து அனுப்புவது பற்றிக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தெரிந்ததற்கு விரிவாகச் சொல்கிறேன். என் துறை இல்லாததற்கு ஆளைக் காட்டுகிறேன்.

கேள்வி (தக்கலை): அண்ணே, ஷார்ஜாவில் 11 வருசமா பட்டறை. முடிச்சிட்டு ஊருக்கு வரப் போறேன். எனக்க 6 அடி லேத் மட்டும் கொண்டு வரணும், 1.6 டன் இருக்கும். தனி கன்டெய்னர் எடுக்கணுமா, பங்கு கன்டெய்னர் போதுமா?

பதில்: ஒரே ஒரு லேத் என்றால் பங்கு கன்டெய்னர், அதாவது எல்.சி.எல். போதும். ஆனால் அதில் எடையை வைத்து மட்டும் காசு வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு டன், ஒரு கன மீட்டர், இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு. உங்கள் லேத்தை அப்படியே பெட்டி அடித்தால் நீளம் 2.8, அகலம் 1.1, உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4.9 கன மீட்டர். எடை 1.6 டன்தான், ஆனால் நீங்கள் 4.9-க்குப் பணம் கட்டுவீர்கள். பின்பக்கத் தகரத் தடுப்பு, விளக்குக் கம்பி, வெட்டும் கருவியைப் பிடிக்கும் டூல் போஸ்ட், நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிகள், மோட்டார் கவர் இவற்றைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அடியிலேயே கட்டுங்கள். 2.5, 0.95, 1.35 என்று வந்தால் 3.2 கன மீட்டர். ஒரு நாள் ஸ்பேனர் வேலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறைகிறது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அடிச்சட்டம். லேத்தின் காலில் உள்ள ஃபவுண்டேஷன் துளை வழியாகவே சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம், மெஷின் ஒரு பக்கம் சாயத்தான் பார்க்கும். தூக்கும்போது கேரேஜை (வெட்டும் கருவியோடு நகரும் பகுதி) மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தி, சமநிலை பார்த்து லாக் செய்து, தூக்கும் பெல்ட்டை பெட்டுக்கு, அதாவது லேத்தின் நீளமான அடித்தளத்துக்கு, அடியில் போடுங்கள். நீளவாக்கில் ஓடும் திருகுத்தண்டான லீட் ஸ்க்ரூவிலோ, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கிலோ கயிறு படவே கூடாது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லேத்தை சக்கில் கயிறு போட்டுக் கட்டி அனுப்ப விட்டுவிட்டேன். கப்பல் உருண்டபோது கயிறு தளர்ந்து லீட் ஸ்க்ரூவுக்கு இறங்கிவிட்டது. பெட்டியைத் திறந்தபோது ஸ்க்ரூ வில் மாதிரி வளைந்திருந்தது. பெட்டில், கேரேஜ் நின்ற இடம் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் செம்மண் நிறத்தில் துரு. பெருவிரலால் தடவினால் விரலெல்லாம் சிவப்பு. கன்டெய்னருக்குள் பகல் சூட்டில் எழும் ஈரம் இரவில் கூரையில் குளிர்ந்து சொட்டும். அந்தத் தண்ணீர்தான் அது. அந்த மனிதர் கடன் வாங்கி வாங்கிய மெஷின். அன்றிலிருந்து கிரீஸ் பூசாமல், துருத்தடுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றாமல், உள்ளே ஈரம் உறிஞ்சும் பை போடாமல் ஒரு மெஷினையும் நான் ஏற்றவிடுவதில்லை. கியர்பாக்ஸ் எண்ணெயையும் கூலண்டையும் வடித்துவிடுங்கள். ஒழுகினால் பக்கத்துச் சரக்குக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

இன்னொன்று. எல்.சி.எல். விலை சொல்லும்போது இறங்கும் துறைமுகத்தில் என்னென்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கே கப்பல் கூலியை அடிமாட்டு விலைக்குச் சொல்லி, இங்கே இறக்குகூலி, கிடங்கு, சரக்கை விடுவிக்கும் சீட்டான டெலிவரி ஆர்டர் என்று பிடுங்குவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

கேள்வி (கருங்கல்): துபாயில் இருந்து ஒரு டன் கொண்டுவர எவ்வளவு ஆகும்?

பதில்: நீளம், அகலம், உயரம் இல்லாமல் விலை கிடையாது. மேலே தக்கலைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): விழிஞ்ஞம் துறைமுகம் எங்க வீட்டில இருந்து கூப்பிடு தூரம். அங்கேயே இறக்கினா என்ன?

பதில்: ஆசை எனக்கும் உண்டு. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் அது முதலில் தொடங்கப்பட்டதே தாய்க்கப்பலில் வரும் கன்டெய்னரைச் சின்னக் கப்பலுக்கு மாற்றிவிடத்தான். உங்கள் ஒற்றைப் பெட்டிக்குப் பங்கு கன்டெய்னரைப் பிரிக்கும் கிடங்கு வேண்டும், சுங்கம் வேண்டும், அந்த வழியில் பெட்டி எடுக்கும் ஏஜெண்ட் வேண்டும். நான் எடுப்பதும் அனுப்புவதும் தூத்துக்குடி, கொச்சி இரண்டில்தான். நாகர்கோவில்காரருக்குத் தூத்துக்குடி, கொச்சி தூரத்தில் பாதிகூட இல்லை.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் இரண்டு ஜோடி கானாவுக்கு அனுப்பணும். நம்ம ஊர் ரப்பர் மரத் தடியிலேயே பெட்டி அடிச்சா போதுமா? மலிவா முடியும்.

பதில்: போதாது. ஏற்றுமதிப் பெட்டியின் மரம் ஐஎஸ்பிஎம் 15 என்ற உலக விதிப்படி சூடேற்றப்பட்டிருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, குறைந்தது 30 நிமிடம் தொடர்ச்சியாக. அல்லது மீத்தைல் புரோமைடு புகை. செய்ததற்கு அடையாளமாகக் கதிர் சின்னமும் இந்தியாவைக் குறிக்கும் ஐ.என். எழுத்தும் பதிவு எண்ணும் எச்.டி. (சூடு) அல்லது எம்.பி. (புகை) என்ற குறியும் கொண்ட முத்திரை மரத்திலேயே இருக்க வேண்டும். பில்லில் எழுதினால் செல்லாது. பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை.

மார்த்தாண்டத்தில் தடிமில் (மரம் அறுக்கும் ஆலை) வைத்திருக்கும் ஒரு அண்ணன்: நீங்க சொல்றது சரியில்ல. ரப்பர் தடியை நாங்க போராக்ஸ் மருந்தில அழுத்தம் கொடுத்துக் காய வைக்கிறோம். வீட்டுக் கதவுக்கே 20 வருசம் பூச்சி வராது. அதுக்கு மேல முத்திரை எதுக்கு?

பதில்: அண்ணே, உங்கள் தடி நல்ல தடி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போராக்ஸ் மருந்து தடியைப் பூச்சி அரிக்காமல் காக்கும். இந்த விதி காப்பது உங்கள் தடியை அல்ல, இறங்கும் நாட்டின் காட்டை. சீனாவில் இருந்து பெட்டி மரத்துக்குள் போன நீளக்கொம்பு வண்டு 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான மேப்பிள் மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. அதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகுதான் 2002-இல் இந்த விதி வந்தது. இந்த விதி ஏற்கும் முறைகளின் பட்டியலில் போராக்ஸ் இல்லை.

தடிமில் அண்ணன்: எங்க சூளையில 60 டிகிரிக்கு மேல வைக்கிறோம். உங்க 56-ஐ விடக் கூடுதல். அப்போ எங்க தடி தகுதி இல்லையா? மலேசியா தடிக்கு முத்திரை, குமரித் தடிக்கு இல்லையா?

பதில்: இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சூளைக்காற்று 60 டிகிரி என்பது வேறு, தடியின் நடுவில் 56 டிகிரி என்பது வேறு. ஆனாலும் கனத்த தடியின் நடுவில் சென்சார் வைத்து, பதிவேடு எழுதி, வேளாண் அமைச்சகத்தின் தாவரப் பாதுகாப்புத் துறையில் சூளையைப் பதிவு செய்தால் உங்கள் தடிக்கும் அதே முத்திரைதான். மரம் எந்த ஊர் என்று விதி கேட்பதில்லை. நீங்கள் பதிவு எடுத்தால் இந்த மாவட்டத்துப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரையும் உங்களிடம் அனுப்புவேன், உண்மையாகவே. அதுவரை முத்திரை இல்லாத பெட்டியை ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். பிடிபட்டால் பெட்டி திரும்பி வரும், இரண்டு பக்கக் கூலியும் அனுப்பியவர் தலையில்.

தடிமில் அண்ணன்: பதிவுக்கு என்னென்ன வேணும்னு எழுதித் தாங்க. பேரப்பிள்ளைகிட்ட காட்டறேன்.

பதில்: எழுதித் தருகிறேன் அண்ணே.

குலசேகரத்துக்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. மரமே வேண்டாம். உங்களிடம் வெல்டிங் இருக்கிறதல்லவா? சி சானல் இரும்பில் சட்டம் அடித்து, ஃபோர்க்லிஃப்ட் நாக்கு நுழைய அடியில் இடம் விட்டு, ரோலரின் காலை அதிலேயே போல்ட் போடுங்கள். சுற்றிலும் பிளைவுட். முத்திரைக் கேள்வியே வராது, கானாவில் அந்தச் சட்டமே அடித்தளமாகவும் நிற்கும்.

கேள்வி (நித்திரவிளை): நான் இறக்குமதிதானே செய்றேன், எனக்கும் மர முத்திரை வேணுமா?

பதில்: வேண்டும். இந்தியாவுக்குள் வரும் பெட்டிக்கும் இதே விதி.

கேள்வி (திங்கள்சந்தை): ஒரு டன் மெஷின், மஸ்கட்டில் இருந்து, தோராயமா எவ்வளவு?

பதில்: மூன்று அளவும் அனுப்புங்கள். அளவில்லாத விலைக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (அழகியமண்டபம்): சவூதியில் பழைய மில்லிங் மெஷின் சகாய விலைக்குக் கிடைக்குது. எடுக்கலாமா?

பதில்: கப்பலுக்கு முன் கரண்டைப் பாருங்கள். சவூதியில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அங்கே நிமிடத்துக்கு 1750 சுற்றும் மோட்டார் இங்கே 1450 சொச்சம்தான் சுற்றும். வேகம் குறைவதோடு விட்டால் பரவாயில்லை. 380 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கும் மோட்டாரை நம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் நேரடியாகக் கொடுத்தால் மோட்டாருக்குள் காந்தம் அளவு மீறிச் சூடேறும், காயில் கருகும். கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றித் தரும் வி.எஃப்.டி. கருவி வைத்து 60 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள், அல்லது மோட்டாரை மாற்றுங்கள். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். ஐக்கிய அமீரகத்தில் இருந்து வரும் மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50 ஹெர்ட்ஸ்தான்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சாதாரணக் கன்டெய்னர் வாசல் சுமார் 2.28 மீட்டர். அடிச்சட்டத்தோடு சேர்த்து அதற்குள் வர வேண்டும். தலை திரும்பக்கூடிய டரெட் மில்லிங் என்றால் அந்தத் தலையைத் தலைகீழாகத் திருப்பி இறுக்கினால் உயரம் நன்றாகக் குறையும்.

கேள்வி (குழித்துறை): வெளிநாட்டில் இருந்து திரும்பி வர்றவங்களுக்குத் தொழில் கருவிக்கு வரிச்சலுகை உண்டே. லேத்தை அதில் கொண்டு வரலாமா?

பதில்: அந்தச் சலுகை என்பது கையில் எடுத்துப் போகக்கூடிய தொழில் கருவியைப் பற்றியது, இப்போதைய விதியைச் சுங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் லேத் கையில் எடுத்துப் போகும் கருவி ஆகாது. அதை முறையான இறக்குமதியாகத்தான் செய்ய வேண்டும். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. என்ற இறக்குமதி ஏற்றுமதி எண் வாங்குங்கள். உங்கள் பான் எண்ணே அந்த எண்ணாக வரும். பழைய மெஷின் என்பதால் செய்த வருடம், புதிதாக இருந்தபோது விலை, இன்றைய நிலை இவற்றைச் சொல்லும் சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்று வேண்டும். இங்கே ஜி.எஸ்.டி. பதிவு எடுத்துத் தொழில் தொடங்குவதாக இருந்தால், துறைமுகத்தில் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி. வரியைப் பிறகு உங்கள் வரிக்கணக்கில் வரவாக எடுத்துக்கொள்ளலாம். மெஷின் வருவதற்கு முன்பே அந்தப் பதிவு இருக்கட்டும்.

கேள்வி (குளச்சல்): ஓமனில் இருந்து வள்ளத்தில் மாட்டுற அவுட்போர்டு எஞ்சின் கொண்டு வரலாமா?

பதில்: பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்தால் அனுப்பலாம். வள்ளத்தில் பதிவு செய்வது பற்றி மீன்வளத் துறையில் கேளுங்கள்.

கேள்வி (திருவட்டாறு): கூடவே ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டரையும் போட்டுடலாமா?

பதில்: வேண்டாம். அபாயச் சரக்கு அது. சொல்லாமல் உள்ளே வைப்பது கப்பலில் இருக்கிறவர்களின் உயிரோடு விளையாடுவது. அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள். கம்ப்ரெசர் கொண்டுவரலாம், டேங்கில் காற்று இல்லாமல் திறந்து வைத்து.

கேள்வி (ஆரல்வாய்மொழி): இன்சூரன்ஸ் கட்டாயமா? கப்பல் கம்பெனி பொறுப்பு ஏற்காதா?

பதில்: அவர்கள் பொறுப்பு கிலோவுக்கு ஒரு அளவோடு முடியும், மெஷினின் விலைக்கு அல்ல. அதைவிடப் பெரிய விஷயம் பொதுச் சேதப் பங்கு. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல் விழாவிட்டாலும் அந்தப் பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காமல் டெலிவரி கிடைக்காது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் மாட்டிய எவர் கிவன் கப்பலில் அதுதான் நடந்தது. 2025 மே மாதம் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம், பிளாஸ்டிக் மணிகள் நம் கடற்கரை வரைக்கும் ஒதுங்கின. அந்த 600-க்கும் மேற்பட்ட பெட்டிகளில் ஒன்று உங்களுடையதாக இருந்திருந்தால் என்று யோசியுங்கள். பாலிசி எடுங்கள். பழைய மெஷினுக்குப் பெரும்பாலும் துருவையும் கீறலையும் விலக்கிவிடுவார்கள், பேக்கிங் சரியில்லை என்றாலும் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் அடிச்சட்டம், அடிச்சட்டம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி (தக்கலை, முதலில் கேட்டவர்): அண்ணே, எங்க வீட்டுக்கு வர்ற ரோட்டில ஒரு லாரி வந்தா எதிரே பைக்கு போக முடியாது. இறக்குறது எப்படி?

பதில்: எல்.சி.எல். என்பதால் டிரெய்லர் வராது, துறைமுகக் கிடங்கில் இருந்து சின்ன லாரியிலேயே வரும். ஹைட்ரா கிரேனை முந்தின நாளே கூட்டிவந்து முனை திரும்புமா, மின்கம்பி தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நகர்த்த இரும்புக் குழாய் நாலு, கடப்பாரை இரண்டு போதும், பட்டறைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிடங்கில் டெலிவரி எடுக்கும்போது பெட்டியின் நாலு பக்கமும் அடியும் போட்டோ எடுங்கள். பலகை உடைந்திருந்தாலோ சட்டம் வளைந்திருந்தாலோ அவர்கள் நீட்டும் ரசீதில் அதை எழுதிவிட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் பிரித்த பிறகு உள்ளே சேதம் தெரிந்தால் மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதனால் மெஷின் வந்த அன்றே பெட்டியைப் பிரியுங்கள், பால் காய்ச்சுவதற்கு நல்ல நாள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.